பாவியில் தண்ணீர்

மாம்பழக் கூழ் ஆலையில் வேலை செய்கிறவனுக்கு மாம்பழமே பிடிக்காது என்பார்கள். எனக்குப் பிடிக்கும், மேடம். சித்தூரில் இருபது வருஷமாகக் கூழின் இனிப்பை அளந்து பார்க்கிற வேலை. ஆனாலும் சீசன் வந்தால் வீட்டில் ஒரு கூடை இறங்கியாக வேண்டும். நான் எதையும் சட்டென்று வெறுக்கிற ஆள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். நீங்கள் விளக்கம் கேட்டு எழுதியதில்கூட எனக்கு வருத்தமில்லை. கோவர்த்தனன் என்ற என் பெயரைப் போட்டுச் சென்னையிலிருந்து ஒரு நடுவர் கடிதம் எழுதுகிறாரே என்று உள்ளூரக் குஷிதான்.

செயற்கை அறிவை எதிர்த்து நான் பேசாத மேடை திருப்பதியில் இல்லை. மிஷின் கதை எழுதினால் மனுஷன் என்ன செய்வான் என்று கேட்பேன். கைதட்டல் அடங்க நேரமாகும். வீட்டுக்கு வந்ததும் போனைத் திறந்து என் கதைகளை அதே மிஷினுக்குக் காட்டுவேன். ஊருக்குத்தானே உபதேசம். அது ஒவ்வொரு கதையையும் அருமை என்றது. நான் எழுத ஆரம்பித்த நாளிலிருந்து யாரும் எனக்குச் சொல்லாத வார்த்தை அது. தலைகால் புரியவில்லை.

"இன்னாங்க, போனைப் பாத்துப் பாத்து சிரிச்சிக்கினு கீறீங்க? யாரு அவ?" என்று என் மனைவி பத்மினி கேட்டாள்.

யாருமில்லை என்றேன். அது உண்மையும்கூட.

பிறகு உங்கள் கதைப் போட்டி வந்தது. ஜெயிக்கிறவரின் கதைகள் புத்தகமாக வரும். மிஷின் எழுதிய கதை உள்ளே புகுந்துவிடக் கூடாது என்று சோதிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தீர்கள். கதைகள் பெயரில்லாமல் வெறும் எண்ணோடு உங்களிடம் வந்ததால், போட்டியில் நானும் இருந்தது உங்களுக்கு மறந்துபோயிருந்தது. நல்ல காரியத்துக்கு நடுவே அதை ஞாபகப்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடைசிச் சுற்றில் இரண்டு கதைகள் நின்றன. ஒன்று என்னுடையது. இன்னொன்று தேவசேனா எழுதியது. சத்தியவேடு பக்கத்துப் பெண். ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் கிணற்றடியில் காத்து நின்ற ஒருத்தி, முதன்முதலாகச் சொந்த நிலத்தில் கிணறு வெட்டுகிற கதை. அவருடைய அம்மாவின் கதைதான். 'பாவியில தண்ணி ஊறுச்சி. பாவியைப் பாத்து அம்மா அழுதா' என்று ஒரு வரி.

அந்த வரியில் நான் அழுதுவிட்டேன், மேடம். எங்கள் பக்கத்தில் கிணற்றைப் பாவி என்போம். தெலுங்கிலிருந்து எப்போதோ எங்கள் வாய்க்கு வந்து தங்கிவிட்ட சொல். சும்மா பார்க்கலாமே என்று கதையை மிஷினிடம் கொடுத்துச் சுருக்கிச் சொல்லக் கேட்டேன். ஒரு பாவி கண்ணீர் விட்டு மனம் திருந்துகிற கதை என்றது. விழுந்து விழுந்து சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்குச் சமீபத்தில் வந்ததில்லை. எந்த மிஷினும் இதை எழுதியிருக்க முடியாது என்பது அந்த நிமிஷமே தெரிந்துபோயிற்று. இதை எப்படி உபயோகிக்கலாம் என்பதும் கூடவே தெரிந்துபோயிற்று.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் லாட்ஜில், உங்கள் அறையில், அந்த வரியை அடிக்கோடிட்டுக் காட்டினேன். பாவிக்குள் தண்ணீர் ஊறுமா, மிஷின்தான் இப்படி உளறும் என்றேன். நீங்கள் தலையாட்டினீர்கள். தேவசேனாவைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள். பாவம், ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தார்.

"பாவின்னா கிணறு மேடம். எங்க ஊர்ல எல்லாரும் அப்டித்தான் சொல்வாங்க. சார் சித்தூருதான, அவரையே கேளுங்க," என்றார்.

வேலிக்கு ஓணான் சாட்சி. இரண்டு பேரும் என்னைப் பார்த்தீர்கள். அவர் பார்வையில் துளிச் சந்தேகம்கூட இல்லை. எனக்கு உள்ளங்கால் கூசியது. ராட்டினம் மேலே போய் ஒரு கணம் நிற்குமே, அப்படி இருந்தது.

எங்கள் பக்கத்தில் கிணறு என்றுதான் சொல்வோம் என்றேன்.

ஜன்னலுக்குக் கீழே பழவண்டிக்காரர், ஆட்டோக்காரர், பூக்காரம்மா என்று ஜனமான ஜனம். யாரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தாலும் பதில் வந்திருக்கும். நீங்கள் கூப்பிடவில்லை. அதற்காக உங்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

என் புத்தகம் வந்தது. அட்டை மாம்பழ மஞ்சள். ஒரு வாரம் அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துப் படுத்தேன். அடுத்த புத்தகத்துக்கு என்ன செய்வது என்ற யோசனையில், தேவசேனாவின் கதையை மிஷினிடம் கொடுத்து, பாவி என்றால் கிணறு என்று சொல்லியும் கொடுத்து, இதே மாதிரி பத்து எழுது என்றேன். எழுதியது. பத்திலும் கிணறு இருந்தது, ஈரமில்லை. ஒரு கதையை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்? இன்னும் நாலைந்து கிடைத்தால் பிடித்துக்கொள்ளும் என்று போன மாதம் ஸ்ரீ சிட்டிக்குப் பஸ் ஏறினேன்.

கம்பெனி வாசல் டீக்கடையில் தேவசேனாவைப் பார்த்துப் பேசினேன். எழுதுவதை விட்டுவிடாதீர்கள், எழுதியதை எனக்கு அனுப்புங்கள் என்றேன். மனதார, அக்கறையோடுதான் சொன்னேன்.

"எழுத வர்ல சார். எது எழுதினாலும் மிஷின் எழுதினாப்பலயே கீது," என்றார். டீ ஆறிக்கொண்டிருந்தது. "செத்துப்போன எங்கம்மா பாவின்னு சொல்லிச்சா, கிணறுன்னு சொல்லிச்சான்னே இப்ப எனக்கு ஞாபகம் வர்ல. கிணறுன்னுதான் சொல்லிச்சோ இன்னாவோ. நீங்க படிச்சவரு, பொய்யா சொல்வீங்க?"

எனக்கு அவர்மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது. கிணறு என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்று ஆறுதல் சொன்னேன். என் புத்தகத்தில் 'அன்புச் சகோதரிக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

தெலுங்கு அகராதியில் பார்த்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். சரிதான், மேடம், அகராதி பொய் சொல்லாது. நான் தெரிந்தேதான் சொன்னேன். ஆனால் ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: மனுஷனின் எழுத்தை மிஷின் விழுங்கிவிடாமல் காப்பாற்ற இந்தப் பக்கத்தில் என்னை விட்டால் வேறு ஆள் இல்லை.