ஏழாம் நம்பர் கிரேனின் வயர்லெஸ்

பகலில் தூங்குகிறவனுக்கு முதலில் வேண்டியது கனமான திரைச்சீலை. எர்ணாவூரில் என் அறை ஜன்னலுக்கு நானே ஒன்று தைத்துக்கொண்டேன். கடையில் விற்பது எனக்குப் பிடிப்பதில்லை. எதையும் ஒரு குறையோடுதான் விற்கிறார்கள்.

கன்டெய்னர் யார்டில் எனக்கு நைட் ஷிஃப்ட். வயர்லெஸ் செட்டுகளைப் பழுதுபார்ப்பது வேலை. பாலிடெக்னிக்கை இரண்டாம் ஆண்டில் விட்டவன் என்பதால் பதவியின் பெயர் ஹெல்பர்.

அந்தச் செட்டுகளிலும் ஒரு குறை இருந்தது. தூரத்துக் குரலை உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்கும். பேசுகிறவன் பக்கத்தில் இருந்தால் அது தேவையில்லை. செட் அதை அணைத்துவிட்டுக் குரலை பைபாஸ் வழியாக அனுப்பும். அணைப்பதோடு சரி, லைனிலிருந்து விலக்குவதில்லை. கிட்டத்திலிருந்து வலுவான சிக்னல் வந்தால், அணைந்து கிடக்கும் ஆம்ப்ளிஃபயர் அரைகுறையாக விழித்து அதை நசுக்கிவிடும். கேட்கிறவனுக்கு வெறும் கர்ர். அதாவது, கிரேனுக்கு நேர் கீழே நிற்கும் சிக்னல்மேனின் குரல்தான் எல்லாவற்றிலும் மோசமாகக் கேட்கும்.

பதினோரு வாரம் அதோடு உட்கார்ந்தேன். பைபாஸ் ஓடும்போது ஆம்ப்ளிஃபயரை இரண்டு பக்கமும் துண்டித்து, மிச்சம் கசிவதை எர்த்தில் இறக்கிவிடும் ஒரு சுவிட்ச். அரிசி அளவுதான். நாற்பது செட்டிலும் என் கையால் வைத்தேன். கர்ர் போய்விட்டது.

எனக்கு மேலதிகாரியாக இருந்த இன்ஜினீயர் அபின் அதைத் தன் பெயரில் எழுதி அனுப்பினார். ஷீல்டு கொடுத்தார்கள். கேண்டீனில் எல்லோரும் கைதட்டியபோது, அதைச் செய்தது நான் என்றேன். ஏழாம் கிரேனின் சிக்னல்மேன் பாஸ்கல், ராயபுரத்துக்காரர், எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொன்னார்.

“ஈயம் வெச்சது நீ மாமு. மூள வெச்சது சாரு. பாதில வுட்ட படிப்புக்கு இம்மாம் பெரிய வாயா?”

சிரிக்காதவர் யாரும் இல்லை. நான் கோபப்படவில்லை.

பிறகு ஒருநாள் அதே கிரேனின் டிரைவர் கமாலுதீன், அபின் சாருக்கு நன்றி சொல்லச் சொன்னார். என்னிடம். முன்பெல்லாம் கர்ர் என்றாலே லீவரை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பாராம். “இப்ப காதே போதும். எட்டிப் பாக்குற பயக்கமே பூட்ச்சு” என்றார். அதை நினைவில் வைத்துக்கொண்டேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஷிஃப்ட் முடியும் நேரத்தில், ஏழாம் கிரேனின் செட்டிலிருந்து என் சுவிட்சைக் கழற்றினேன். எதையும் உடைக்கவில்லை. செட் புதிதாக வந்த நிலைக்கே திருப்பி வைத்தேன். என் பொருளை நான் எடுப்பது திருட்டாகாது. செட் கர்ர் என்றால் அபின் வந்து திறப்பார்; எது இல்லை என்று அவருக்குத் தெரியாது. நாலு பேர் அதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நாற்பது செட்டில் ஏழாம் கிரேனுடையதை ஏன் எடுத்தேன் என்று கேட்கிறீர்கள். பாஸ்கலின் குரல் நசுங்கிக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

வீட்டுக்குப் போகாமல் வயர்லெஸ் அறையிலேயே கேட்டுக்கொண்டிருந்தேன். என் செட்டில் என் சுவிட்ச் இருந்தது. காலை பத்து பன்னிரண்டுக்கு லாரி ஓரத்தில் பாஸ்கலின் கால் சங்கிலியில் சிக்கியது. தலைக்கு மேலே கன்டெய்னர் இறங்கிக்கொண்டிருந்தது.

“நிறுத்து கமாலு, காலு மாட்டிகிச்சு.”

மூன்று முறை சொன்னார். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக இருந்தது.

“இன்னா நைனா, திருப்பிச் சொல்லு” என்றார் கமாலுதீன். கை லீவரில் இருந்திருக்கும்.

யார்டு முழுவதையும் நிறுத்தும் சங்கின் பொத்தான் என் வலது கைக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. அந்தக் கையில் பேனா இருந்தது. நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். ஆதாரம் வேண்டுமல்லவா.

அதன்பின் பாஸ்கல் பேசவில்லை.

நீங்கள் யாரும் என்னைத் தேடி வரவில்லை, ஸ்டேஷனுக்கு நானாகத்தான் வந்தேன். கம்பெனியின் அறிக்கையைப் படித்தேன். செட்டைத் திறந்துகூடப் பார்க்காமல், ‘திரு. அபின் வடிவமைத்த சுவிட்ச் பழுதானதால் மரணம்’ என்று எழுதியிருக்கிறார்கள். பாஸ்கலைக் கொன்றது நான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த வரியில் இரண்டு தவறு இருக்கிறது. சுவிட்ச் பழுதாகவில்லை. வடிவமைத்தது அவர் இல்லை. முதலில் அதைத் திருத்துங்கள்.