பதினோராம் நம்பர் படம்

முதல்ல ரொட்டி. ரெண்டாவது கூவல். மூணாவது ஃப்ளாஷ். நாலாவது ஃப்ரிட்ஜ். இந்த வரிசைய மாத்தாம கேளுங்க தம்பி, அப்பதான் பதினோராம் நம்பர் படத்துக்கு ஏன் பரிசு குடுக்காதீங்கங்கறேன்னு புரியும்.

நீங்க வெளியூரு. நடுவரா வந்தீங்க, டீ குடிச்சீங்க, சுவத்துல மாட்டியிருக்கிற படத்தப் பார்த்தீங்க. நாங்க, இந்தப் படம் எடுக்கிற சங்கத்துக்காரங்க, அப்படியில்ல. பூங்காவோட பின்வேலியத் தாண்டுனா அரை மணி நேரம் நடக்கிற அளவுக்கு மரம் இருக்கே, அதத்தான் நாங்க காடுன்னு சொல்லிக்கிறோம். ஞாயித்துக்கிழமை ஆனா கேமராவத் தூக்கிக்கிட்டு அங்கதான். அந்தக் காட்டுக்கு எங்க ஆளுங்க செஞ்சதத்தான் சொல்றேன்.

ஒண்ணு, குருவி பக்கத்துல வரட்டும்னு நடைபாதையில ரொட்டியப் பிச்சுப் போட்டாங்க. குருவி வந்துச்சு. பின்னாடியே காக்கா வந்துச்சு. காக்கா போகவே இல்ல. ரெண்டு, செல்போனுல குருவி கத்துற சத்தத்தப் போட்டு ஏமாத்துனாங்க. பாவம் அது, எவனோ நம்ம எடத்துக்கு வந்துட்டான்னு கூட்ட விட்டுட்டு சண்டைக்கு ஓடி வரும். மூணு, ஆலமரத்துப் பொந்துல இருந்த ஆந்தை மூஞ்சியில ஃப்ளாஷ் அடிச்சாங்க. மறுவாரம் பொந்து காலி. நாலாவதச் சொன்னா சிரிப்பீங்க. பல் டாக்டர் ஒருத்தரு இருக்காரு, வண்ணத்துப்பூச்சி ஆடாம உக்காரணும்னு டப்பாவுல போட்டு வீட்டு ஃப்ரிட்ஜுல வெச்சாரு. அவரு சம்சாரம் சட்னின்னு நினைச்சுத் திறந்துட்டாங்க. சிரிங்க, பரவாயில்ல. நாங்களும் சிரிச்சோம். சிரிச்சதுதான் தப்பாப்போச்சு. ஒவ்வொண்ணையும் சிரிச்சே விட்டோம், அதான் அஞ்சாவது வந்து நிக்குது.

அஞ்சாவது, உங்க பின்னாடி மாட்டியிருக்கு. திரும்பிப் பாருங்க.

நல்ல படம்தான், யாரு இல்லைன்னா? மூணு குஞ்சு, மூணும் வாயப் பிளந்துக்கிட்டு, உள்ள செக்கச்செவேல்னு. தாய்க்காகக் காத்துக்கிட்டு இருக்கு, பசியப் படம் புடிச்சிருக்காங்கன்னு எழுதி வெச்சிருக்கீங்களே, எழுதுறப்ப நீங்க முணுமுணுத்தது காதுல விழுந்துச்சு, கோவிச்சுக்காதீங்க. அது பசியில்ல தம்பி. வெயில். கொண்டைக்குருவி இலைக்குள்ள ஒளிச்சுத்தான் கூடு கட்டும். இந்தக் கூட்டு மேல பாருங்க, வட்டமா வெளிச்சம். எலை எங்க போச்சு? மேல இருந்த ரெண்டு கிளையயும் இழுத்துப் பின்னாடி கட்டியிருக்காங்க. படத்த எடுத்துட்டு அவுத்து விட்டுடலாம்னு நினைச்சிருப்பாங்க. நல்ல படம் விழுந்த சந்தோஷம், அவுக்க மறந்தாச்சு.

நேர்ல பார்த்தீங்களான்னா? பார்த்தேன். சும்மா நாக்குல நரம்பில்லாம பேசுறவன் இல்ல நான். இந்தப் படம் எடுத்த வாரம் எனக்கு முழங்கால் வலி, குளத்தங்கரையிலயே உக்காந்துட்டேன். அடுத்த வாரம் தனியாப் போனேன். கயிறு கட்டுன கட்டுலயே விறைப்பா நிக்குது. கூட்டுல எறும்பு. அவ்வளவுதான், மேல கேக்காதீங்க.

இல்ல, கயிறு யாரு வேணா கட்டியிருக்கலாம்னு சொல்ல முடியாது. அது பேனர் முடிச்சு. தெருவுக்குக் குறுக்க பேனர் கட்டுவோம், போலீஸ் வண்டி வந்தா ஒரு முனைய இழுத்தாப் போதும், மொத்தமா அவுந்து கையில வந்துடும். அப்படி ஒரு முடிச்சு. எங்க ஆலைத் தொழிற்சங்க ஆளுங்களோடது. இந்த ஹால்ல அது தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. ஒருத்தன் நான். இன்னொரு ஆளுக்குச் சொல்லிக் குடுத்ததும் நான்தான்.

ஆமா, ஆலையில இருந்தேன். பள்ளிக்கூடம் அஞ்சாங் கிளாஸோட சரி. மத்த படிப்பெல்லாம் துண்டுப் பிரசுரத்துலதான். எழுத்துக்கூட்டிப் படிச்சு, அப்புறம் நானே எழுத ஆரம்பிச்சேன். ஒரு தடவ மிஷின்ல மாட்டி ஒரு பொண்ணோட கை போச்சு. விசாரணை வெச்சு, கவனக்குறைவால் நேர்ந்ததுன்னு ஒத்த வரி எழுதி ஒட்டுனாங்க. யாரோட கவனக்குறைவு? பேரப் போடுங்கடான்னு கேட்ல நின்னு கேட்டேன். அதுக்கு உள்ள தள்ளிட்டாங்க. வெளிய வந்தேன், திரும்பவும் அதையே கேட்டேன். ஆயுசு பூரா நான் கேட்டது அது ஒண்ணுதான். கூலியக் கூட அடுத்தவன் கேட்டான். நான் பேரக் கேட்டேன்.

வீடா? வீட்ட எங்க பார்த்தேன். என் சம்சாரம் படுத்த படுக்கையா இருந்தப்பவும் நான் உள்ளதான். பொண்ணு ஒருத்திதான், தனியாளா எல்லாத்தையும் பார்த்தா. பொறந்தப்ப உள்ளங்கையில அடங்கும், கறுப்பா, சுள்ளுனு அழும். மிளகுன்னு கூப்பிட்டேன், அதுவே நிலைச்சுப் போச்சு. அம்மா போனதுக்கப்புறம் எங்கூடப் பேச்சே இல்ல. ஒரே வீடு, தட்ட வெப்பா, போயிடுவா. அப்புறம் ஒருநாள், என்ன தோணுச்சோ, பழைய கேமரா ஒண்ண என் மடியில வெச்சு, நடக்க வாங்கன்னா. வாங்கன்னு ஒரு வார்த்தை. நான் செருப்பத் தேடக்கூட நிக்காம பின்னாடியே கெளம்பிட்டேன். இப்ப ஞாயித்துக்கிழமை ஃப்ளாஸ்க்குல டீ, ஒரே மூடி, மாத்தி மாத்திக் குடிப்போம். அந்தா பாருப்பா மரங்கொத்திம்பா. எனக்கு ஒண்ணும் தெரியாது, கண்ணு மங்கல். தெரியுது தெரியுதும்பேன். எனக்கு இருக்கிறது அந்த ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான் தம்பி. மீதி ஆறு நாளும் சும்மா ஓடுது.

எங்க விட்டேன்? ம், விதி. இந்தப் படச் சங்கத்துக்கு விதி எழுதுனது நான். படத்தோட முன்னாடி பேரு கூடாது, பின்பக்கம்தான் எழுதணும். அதுவும் பட்டப்பேருதான். டாக்டரு, வக்கீலுன்னு தெரிஞ்சா நடுவருக்குக் கை தானா அந்தப் பக்கம் போயிடும். எனக்கு ஒலிபெருக்கின்னு வெச்சிருக்காங்க, எடுபட்ட பசங்க. பரிசானாலும் பழியானாலும், வயசுல மூத்தவன் படத்தத் திருப்பி, எல்லாரும் பார்க்கப் பேரப் படிக்கணும். மூத்தவன் நாந்தானே.

எடுத்த ஆளுகிட்டப் பேசலையான்னா? பேசாம இருப்பனா. நேத்தே சொன்னேன், நீயாவே வாபஸ் வாங்கிடுன்னு. தெரியாம நடந்துடுச்சு, அவுக்க மறந்துட்டேன்னு எந்திரிச்சு நின்னு சொல்லு, யாரும் தின்னுட மாட்டாங்கன்னேன். பதில் என்ன வந்துச்சு தெரியுமா? படிங்க, அத விட்டா உங்களுக்கு வேற என்ன தெரியும். அவ்வளவுதான். கதவு சாத்தியாச்சு.

சத்தமில்லாம எடுத்துடலாமா? நீங்க நல்ல மனுஷன், அதான் சொல்றீங்க. ரெண்டாவதா வந்த படத்துக்குப் பரிசக் குடுத்துட்டு, பதினொண்ண ஓரமா வெச்சுட்டா யாருக்கும் மனவருத்தம் இல்ல. எனக்கும் நேத்து ராத்திரி பூரா அதேதான் தோணுச்சு. ஆனா கவனக்குறைவால் நேர்ந்ததுன்னு எழுதி ஒட்டுனவனும் அதத்தானே செஞ்சான்? அவனுக்கும் காப்பாத்த வேண்டிய வீட்டு ஆளு இருந்திருக்கும்ல. மச்சானோ, மருமவனோ. ஊரான் வீட்டுப் பேருன்னா தொண்டை கிழியப் படிப்பேன், இதுன்னா முழுங்கிடுவேன்னா, அப்ப நான் கத்துனதெல்லாம் என்ன? களைச்சுப் போச்சு தம்பி. நிஜமா, இந்த ஒண்ணு எனக்கு வராம இருந்திருக்கலாம்.

சரி, டீ முடிஞ்சிடுச்சு, எல்லாரும் உள்ள வர்றாங்க. அந்தப் படத்தக் கழட்டுங்க. மெதுவா, மூலை மடங்கிடப் போகுது.

எல்லாரும் கிட்ட வாங்கப்பா. டாக்டரே, நீங்களும். பதினோராம் நம்பர் படத்தத் தள்ளுறோம். கூட்டு மேல இருந்த கிளைய இழுத்துக் கட்டி, அவுக்காம விட்டதால குஞ்சு மூணும் செத்துப்போச்சு. காரணம் அதான். பேரு படிக்கணும்.

இருங்க, எழுத்து தெரியல. ஏம்மா, என் கண்ணாடி உன் பையிலதான கெடக்கு? கொண்டா. தொடச்சே குடுக்கிறியா, சரி. போகாத, இங்கயே நில்லு. நீ நிக்கிறப்பவே படிக்கிறேன்.

தம்பி, கைய எடுங்க. எனக்கு ஒண்ணுமில்ல.

எல்லாருக்கும் கேக்குதா?

மிளகு.