சாக மாட்டேன் என்ற சுல்தான்

குற்றாலத்திலிருந்து தென்காசி வரும் பஸ்ஸில், அருவியில் குளித்தவர்களின் ஈரத் துண்டுகளுக்கு நடுவே, எனக்கு முன்சீட்டில் பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள். முக்காடு போட்டவளின் மடியில் ஒரு அட்டை வாள் இருந்தது.

“போன வருசம் செத்தேன். அதுக்கு முந்தின வருசமும் செத்தேன். இந்த வருசம் சாவ மாட்டேன்,” என்றாள் அவள்.

“ஏட்டி பாத்திமா, ஆண்டு விழா நாடகத்துல பாமினி சுல்தான் தோத்தாத்தான விஜயநகர ராயர் ஜெயிக்க முடியும்?”

“ஜெயிக்கட்டும். ராயர் படையிலயும் எங்காளுவ குதிரை ஓட்டியிருக்காங்க. சுல்தான் படையில உங்காளுவளும் இருந்திருக்காங்க. நம்ம டீச்சர்தான் பேரைப் பாத்து ஆள் பிரிக்காங்க.”

“அதை அவங்ககிட்ட யாரு சொல்லுதது?”

“நான்தான். நாளைக்குக் காலைல, பிரேயர் முடிஞ்சதும். நான் ராயரோட குதிரைப்படைத் தளபதி.”

“அப்ப சுல்தான் யாரு?”

“நீதான் செல்வி.”

செல்வி தோழியின் மடியிலிருந்த வாளை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“சரி, சுல்தானா நிக்கேன். ஆனா நானும் சாவ மாட்டேன், பாத்துக்க.”