வற்றும் நேரம் பத்தரை

சனிக்கிழமை காலை 9.52. ரானுயி ஸ்டேஷன் வழியாகச் செல்லும் ரயிலில் என் எதிரே மீன்பிடிக்கக் கிளம்பிய இருவர் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் தூண்டில்கள், இரைக்கு ஒரு பாக்கெட் ரொட்டி. மூத்தவர் யாழ்ப்பாணத்தவர், இளையவர் தமிழ்நாட்டுக்காரர்.

“ராஜன் அண்ணன் நமக்கு முன்னாடி ஒன்பது மணிக்கே கடலோடையில எறங்கி நடுத்திட்டுக்குப் போயிருப்பார்,” என்றார் இளையவர். “பத்தரைக்குத் தண்ணி வத்தும்னு நான்தான் சொன்னேன். அப்புறம் ஏத்தத்தோட மடவை மீன் கூட்டமா உள்ள வரும்.”

“எந்தப் பக்கத்துக் கடலின்ர நேரம் பாத்தனீர்?”

இளையவர் போனை எடுத்துப் பார்த்தார். “போன வாரம் மனுகாவ் போனோமே, அந்தக் கடலோட நேரமே இதுல கெடக்குது அண்ணே.”

“ஐயோ தம்பி, அது மற்றப் பக்கத்துக் கடல், அங்க நேரம் வேற. இஞ்ச ஏழு மணிக்கே வத்தி முடிஞ்சுது. இப்ப ஏறிக்கொண்டிருக்கு.”

“ஏறினா திரும்பிருவார்ல?”

“வத்துது எண்டெல்லோ நினைச்சுக்கொண்டு நிப்பார். நீந்தத் தெரியுமோ?”

இளையவர் ராஜனின் எண்ணைத் தேடி எடுத்தார். மூன்று முறை அழைத்தார், யாரும் எடுக்கவில்லை. பிறகு அதே எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“அண்ணே!” என்று கத்தியவர், உடனே குரலைத் தாழ்த்தினார். “அண்ணியா... நனைஞ்சுடும்னு போனை வீட்டுலயே வச்சுட்டாரா?”

மூத்தவர் அதற்குள் தன் போனில் அவசர உதவி எண் 111-ஐ அழைத்திருந்தார்.

“ஒண்ணுமில்ல அண்ணி, சும்மாதான் கூப்பிட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துருவார்.”

பக்கத்தில் மூத்தவர் ஓடையின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.