பப்பாளி இலைக் கஷாயம்

எனக்குக் கசப்பு பிடிக்காது. சாகோ மரமாவுக் கூழோடு மீன் குழம்பு இருந்தால் போதும், வேறு ருசி கேட்டதில்லை. ஆனாலும் கருநொச்சிக் கஷாயத்தைத் தினமும் குடித்தேன், ஐயா.

எங்கள் சென்டானி ஏரிப் பக்கத்தில், பெண் வீட்டுக்குக் கல் கோடரிகளும் மணிகளும் பரிசமாகக் கொடுத்து முடிக்கும் வரை ஆண்கள் அதைக் குடிப்பார்கள். அதுவரை பிள்ளை தங்காது. கொடுத்ததும் நிறுத்திவிடுவார்கள். நான் நிறுத்தவில்லை. பிள்ளை வந்தால் என் மனைவி செல்பினாவின் அன்பு பங்காகிவிடும் என்று தோன்றியது. கருநொச்சியைப் பொடித்து, முதுகுவலி மருந்து என்று அவளிடமே காய்ச்சக் கொடுத்தேன்.

படகுத்துறையில் பெண்கள் அவளைச் சும்மா விடவில்லை. "ஏண்டி செல்பினா, வாங்கின கோடரிய உங்கப்பா திருப்பிக் குடுத்துட வேண்டியதுதானே?" அழுதுகொண்டு வருவாள். நான் கண்ணைத் துடைத்துவிடுவேன். என்னைப் போல் ஆறுதல் சொன்னவர் யாருமில்லை.

பிறகு ஒரு நாள், கர்ப்பம் என்றாள்.

கஷாயம் குடிக்கிறவனுக்கு ஏது பிள்ளை? யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் என் குட்டு வெளிப்பட்டுவிடும். என் வேதனை உங்களுக்குப் புரியும்.

அவள் படகின் அடியில் விரிசலை அடைத்திருந்த பிசினைச் சுரண்டி எடுத்தேன். மேலே சேற்றைப் பூசினேன். நடு ஏரி வரை தாங்கும். நீந்தத் தெரிந்தவள்தான், ஆனால் மலைக்காற்று வீசும் நாளில், நிறைமாத வயிற்றோடு அவ்வளவு தூரம் வர முடியாது.

"பிள்ளைக்குப் பேரை நீங்களே யோசிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டுத் துடுப்பை எடுத்தாள். தலையாட்டினேன்.

துக்க வீட்டில் அவள் தங்கை யாகோமினா என் கோப்பையை எடுத்து முகர்ந்தாள்.

"உங்க முதுகுவலி மருந்து என்னன்னு அக்கா எப்பவோ கண்டுபிடிச்சிட்டா, மாமா. அதை ஏரில கொட்டிட்டு, பப்பாளி இலையத்தான் பொடிச்சுக் காய்ச்சித் தந்தா. 'அவரே ஒரு நாள் வாயத் திறந்து சொல்லட்டும், அதுவரைக்கும் நான் காட்டிக்க மாட்டேன்'னா."

அப்படியென்றால் பிள்ளை என்னுடையதுதான். அதை ஒப்புக்கொள்கிறேன். பிசினைச் சுரண்டியதையும் ஒப்புக்கொள்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று மட்டும் இன்னும் ஆறவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, நான் என்ன குடிக்கிறேன் என்பதையே என்னிடம் மறைத்தாளே ஐயா, நம்பின புருஷனுக்கு ஒருத்தி இப்படிச் செய்யலாமா?