பாசி சுரண்டற நாள்

அதுல துணியப் போடாதம்மா, அந்த மிஷின் பிழியாது. சொட்டச் சொட்டத் தூக்கிட்டுப் போகணும். இதோ, இதுல போடு. என்னுது பக்கத்துல ஓடுது, இன்னும் அரை மணி ஆகும். உக்காரு. நேத்து சாயந்தரம் வந்த நீலப் படகு உங்களுதுதானே? பார்த்தேன். ரெண்டாவது தடவைதான் நங்கூரம் பிடிச்சுது, இல்ல? இங்க அடியில எல்லாம் புல்லு, வழுக்கும். உன் வீட்டுக்காரர் பின்னாடி நின்னு கத்தினார், நீ முன்னாடி நின்னு பதிலுக்குக் கத்தினே. சிரிக்காதே, கத்தறது நல்லதுதான். எங்க படகுல அது கிடையாது.

உங்களுக்கு வலது பக்கம் நிக்குதே, வெள்ளைப் படகு, பச்சைக் கோடு போட்டது, அதுதான் எங்களுது. ஆமா, ரெண்டே பேர்தான். நானும் என் வீட்டுக்காரர் கூல்வெனும். அவர் முடி வெட்டிக்கப் போயிருக்கார். நடுவுல வந்து எட்டிப் பார்த்தார்னா காத்தப் பத்தி ஏதாவது கேளு. காத்தப் பத்திக் கேட்டா சந்தோஷமாப் பேசுவார்.

ஊரு பிரான்ஸ்ல துவார்னனே. நீ பக்கத்துத் துறைமுகம் லோரியாங்கா? அப்பச் சரி, உனக்கு நான் விளக்க வேண்டாம். சூரை மீன் பிடிக்கற கப்பல்ல அவர் எஞ்சின்காரர். நாலு மாசம் ஆப்பிரிக்கா பக்கம் கடல்ல, ஒன்றரை மாசம் வீட்ல. முப்பத்தோரு வருஷம் அப்படி. நான் மத்தி மீன் டப்பால அடைக்கற ஃபேக்டரியில நின்னேன். கல்யாணம் ஆகி நாப்பத்திமூணு வருஷம்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கறோம். ஒரே கூரைக்குக் கீழ சேந்து இருந்தத கூட்டினா அதுல பாதி கூடத் தேறாது. ஆறு வருஷம் இங்க கரீபியன் கடல்ல, இந்தப் படகுல இருந்ததுதான் உருப்படியா கூட இருந்தது.

நல்லாத்தான் இருந்துச்சு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். புயல் மாசத்துல தெற்க கிரெனடா தீவுக்குப் போயிடுவோம், மத்த மாசம் தீவு தீவா மேல வருவோம். பொண்ணு அனயிக் ஊர்லேருந்து கோதுமை மாவுல இருந்து உப்பு வெண்ணெய் வரைக்கும் அனுப்புவா. ஞாயித்துக்கிழமை நான் மாவக் கரைச்சு மெல்லிசா க்ரேப் சுடுவேன், அவர் பக்கத்துப் படகுக்காரங்கள எல்லாம் கூப்பிடுவார். வீட்ல வாயத் திறக்காத மனுஷன் இங்க வந்துதான் பேசக் கத்துக்கிட்டார்.

போன வருஷம்தான் இந்த மறதி. அடுப்புல காபி கொதிச்சுத் தீஞ்சு போகும். பேக்கரிக்குப் போய் ரொட்டி வாங்கிட்டு வருவார், பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி பையை எடுப்பார். ஒரு நாள் ஃபோன்ல அனயிக்கை என் தங்கச்சி பேரு சொல்லிக் கூப்பிட்டார். ஒரு டாக்டர்கிட்டக் காட்டினோம். ஆரம்பமா இருக்கலாம், ஊருக்குப் போய் சரியா சோதிச்சுப் பாருங்கன்னார். இவர் சிரிச்சார். ஆனா கேளு, பாய்மரத்துல ஒரு கயிறு மாத்திக் கட்டினதில்ல. எந்த மணிக்கு எந்தப் பக்கம் நீரோட்டம் திரும்பும், எந்தத் துறையில பாறை இருக்கு, அதெல்லாம் ஒண்ணும் மறக்கல. டாக்டர் அதுக்கும் ஒரு காரணம் சொன்னார். பழகின கை தானா செய்யுமாம்.

ஒரு மாசம் முன்னாடி நான் சொல்லிட்டேன். போதும் கூல்வென், படக இங்கயே வித்துட்டு ஊருக்குப் போகலாம், அனயிக்குக்கு ஜூன்ல ரெண்டாவது குழந்தை வருது, எனக்கு முட்டி வலிக்குது. அவர் கயிறு பின்னிட்டு இருந்தார். சரின்னார். அவ்வளவுதான். எந்த மாசம் டிக்கெட் எடுக்கலாம்னு கூடக் கேட்டார். நான் ராத்திரி அழுதுட்டேன், இவ்வளவு சுலபமா முடிஞ்சுதேன்னு.

மூணு நாள் கழிச்சு மரிகலாந்த் தீவுக்கு மேற்கே நின்னோம். பவழத் திட்டுக்கு வெளியில, கரை ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி. வேற படகே இல்ல. படகு அடியில பாசி கட்டியிருந்தது. சுரண்டறது என் வேலை, அவருக்குத் தோள்பட்டை சரியில்ல. நீச்சல் கண்ணாடி மாட்டிக்கிட்டு, சுரண்டற தகட்டக் கையில எடுத்துக்கிட்டு இறங்குவேன். பின்னாடி ஏணி தண்ணிக்குள்ள தொங்கும், களைச்சா அதப் பிடிச்சுப்பேன்.

ப்ரொப்பெல்லர் பக்கம் சுரண்டிட்டு இருந்தேன். மூச்சு வாங்க ஏணியப் பிடிக்கக் கை நீட்டினா ஏணி இல்ல. மேல தூக்கியிருந்தது. விளையாடறார்னு நினைச்சேன். அப்புறம் சங்கிலி சத்தம். தண்ணிக்குள்ள சங்கிலி சத்தம் தலைக்குள்ளயே கேக்கும். தள்ளி நீந்தி வந்து பார்க்கறேன், நங்கூரம் மேல வந்துடுச்சு, முன்பக்கப் பாய் விரியுது.

கூப்பிட்டேன். ஆமாம்மா, கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தார். நான் கையாட்டினேன். அவரும் கையாட்டினார். துறையில யாராவது தெரியாதவங்க நீந்திட்டு இருந்தா நாம ஆட்டுவோம் இல்ல, மரியாதைக்கு, அந்த மாதிரி.

நீரோட்டம் வெளிப்பக்கம் இழுத்துச்சு. கரைக்கு நீந்தவே முடியல. இறால் கூடைக்கு அடையாளமா ஒரு காலி எண்ணெய்க் கேன் மிதந்துச்சு, அதக் கட்டிக்கிட்டேன். மூணு மணி நேரம். என்ன நினைச்சேன்னு கேக்கறியா? மதியத்துக்குப் பருப்பு ஊறப் போட்டிருந்தேன், அது புளிச்சுடுமேன்னு நினைச்சேன். வேற எதையும் நினைக்கவே விடல மனசு.

கூடை எடுக்க வந்த மீனவர்தான் தூக்கினார். எவரிஸ்துன்னு பேரு, மரிகலாந்த் ஆளு. படகு முழுகிடுச்சான்னு கேட்டார். வழுக்கி விழுந்துட்டேன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. அடுத்த குடாவுல எங்க படகு நின்னுச்சு. கூல்வென் நிழல்ல உக்காந்து ஆம்லெட் சாப்பிட்டுட்டு இருந்தார். ஒரே தட்டு. என்னப் பார்த்ததும் கரண்டிய வச்சுட்டு, மரிவோன், எங்க போயிருந்தேன்னார். இன்னொரு தட்டு எடுத்து வந்து ஆம்லெட்டப் பாதியா வெட்டி வச்சார். எவரிஸ்துக்கு ஒரு பாட்டில் ரம் குடுத்தார். அப்புறம் என் கால்ல பவழம் கீறின இடத்துக்கெல்லாம் மருந்து போட்டார், எரியக் கூடாதுன்னு ஊதி ஊதி.

அனயிக்கிட்ட மறந்துட்டார்னு சொன்னேன். அம்மா, உடனே ஃப்ளைட் ஏறு, அப்பாவையும் கூட்டிட்டு வான்னு அழறா. எல்லார்கிட்டயும் அதேதான் சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்தத யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்டதான் சொல்றேன். இன்னொண்ணும் இருக்கு. எங்க படகுல நங்கூரம் தூக்க மோட்டார் இருக்கு, அதுக்கு எஞ்சின் ஓடணும். ஆறு வருஷத்துல எஞ்சின் போடாம ஒரு தடவை கூட அவர் நங்கூரம் எடுத்ததில்ல. அன்னிக்கு எஞ்சின் போடல. அந்தத் தோள்பட்டையோட, சங்கிலிய கையாலயே இழுத்திருக்கார். எஞ்சின் போட்டா ப்ரொப்பெல்லர் சுத்தும். நான் அங்கதானே இருந்தேன்.

இல்லம்மா, அவசரப்படாதே. நானும் அப்படித்தான் முதல்ல நினைச்சேன். ஆனா மறந்து போனவருக்கு எஞ்சின் போடவும் மறந்திருக்கலாம் இல்லையா? வியாதிக்காரர விட்டுட்டுப் போறவ நான் இல்ல. ஆனா வியாதி இல்லேன்னா?

அதான் நான் மறுபடி இறங்கறேன். அய்யோ, தனியா இல்ல, நாலு படகு நிக்கற துறையில மட்டும்தான். மறதிக்கு ஆள் பார்க்கத் தெரியாது இல்லையா, யார் பார்த்துட்டு இருந்தாலும் மறக்கும். இதுவரைக்கும் மூணு தடவை இறங்கிட்டேன். பாசியே இல்லாத இடத்தச் சுரண்டிட்டு, ஏணி மேல போகணும், ஏணி மேல போகணும்னு வேண்டிக்கிட்டே இருந்தேன். மூணு தடவையும் ஏணி அப்படியே இருந்துச்சு. துண்டு எடுத்துட்டு வந்து நிக்கறார்.

நாளைக்கு ஒன்பது மணிக்கு இறங்கப் போறேன். நீ மேல உக்காந்து காபி குடி, பார்வை மட்டும் எங்க பக்கம் இருக்கட்டும். ஏணி மேல போச்சுன்னா சின்னப் படக எடுத்துட்டு வந்து என்னத் தூக்கு. தூக்கினதும் நான் சிரிச்சேன்னா பைத்தியம்னு நினைக்காதே.

போலீஸா? என்னன்னு சொல்றது, கையாட்டினார்னா?

உன்கிட்ட கேக்க வந்தது வேற. வியாழக்கிழமை மறுபடி மரிகலாந்த் போகலாம்கறார். அந்த இடத்துல தண்ணி தெளிவா இருக்குமாம், சுரண்ட வசதியாம். நாளைக்கும் ஏணி தண்ணிக்குள்ளயே இருந்துச்சுன்னா, உங்க படகுல ஒரு ஆளு படுக்க இடம் இருக்குமாம்மா?