பாப்பாவைக் காப்பகத்தில் விடுகிறவன்

“ஒருநாள் லீவு போட்டா குடியா முழுகிடும்?”

“அதையே நீங்க போடுங்களேன், முழுகுதான்னு பாப்போம்...”

“நான் போட்டா...”

“நீங்க போட்டா வானம் இடிஞ்சு விழும். நான் போட்டா பூமாரி பொழியுமா?”

இப்படித்தான் இன்ஸ்பெக்டர் ஐயா, எங்கள் வீட்டில் பொழுது விடியும். எந்த வீட்டில்தான் இல்லை? ஆனால் நான் கை நீட்டுகிறவன் இல்லை. வேலைக்குப் போகாதே என்று மனைவியிடம் ஒருநாளும் சொன்னதில்லை. பாப்பாவைக் குளிப்பாட்டி, புட்டியில் பால் நிரப்பி, காப்பகத்தில் விட்டுவருவது நான்தான். “மாப்பிள்ளைன்னா இவருதான். உனக்குத்தான் வாய் ஜாஸ்தி” என்று என் மாமியாரே அவளைக் கடிந்துகொள்வார்.

அவள் துணி ஆலையில் தரம் பார்க்கிறவள். சரக்கு எடுக்க வியாபாரிகள் வரும் நாளில், பக்கத்திலேயே நின்று பதில் சொல்ல வேண்டும். அப்படி நின்று நின்றுதான் பிரிவுத் தலைவி பதவி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. அதன்பின் சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்துக்கொண்டே போனில் யாரையாவது அதட்டுவாள். நானும் பொறுத்துப் பார்த்தேன்.

காப்பகத்தில் ஒரு வழக்கம். பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் உடனே வந்து அழைத்துப்போக வேண்டும். கொண்டுவந்து விடுவது அப்பாவாக இருந்தாலும் போன் அம்மாவுக்குத்தான் போகும். அந்த வழக்கத்தை நான் உண்டாக்கவில்லை.

வியாபாரிகள் வருகிற நாளில் மட்டும் பாலில் பேதி மருந்து கலந்தேன். கொஞ்சம்தான். அவள் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவருவாள். “என் ராசியே இப்படி” என்று அழுவாள். நான் தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவிக்கொடுப்பேன். கடைசியில் பதவி வேறொருத்திக்குப் போயிற்று. அப்போதும் அவள் அசைந்து கொடுக்கவில்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். பிடிவாதக்காரி. அதனால்தான் நேற்று மருந்து சற்றுக் கூடிப்போயிற்று.

பாப்பாவுக்குக் கண் உள்ளே போய்விட்டதாம். அழுதாலும் கண்ணீர் வரவில்லையாம். மிச்சப் பாலைக் காப்பகத்து ஆயா கொட்டாமல் வைத்திருந்தது நல்ல காரியம். என்ன மருந்து என்று டாக்டருக்குச் சீக்கிரம் தெரிந்தது. நீங்கள் கேட்டதும் நானும் மறைக்கவில்லை.

விஷயம் தெரியுமுன்பே அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி ஆலைக்குப் போன் செய்து, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இப்போது இந்தக் கதவுக்கு அந்தப்பக்கம் இருக்கிறாள்.

“அவகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க ஐயா, பயப்பட வேண்டாம்னு. வேலையத்தான் விட்டுட்டாளே, இனிமே பாப்பாவுக்கு ஒண்ணும் வராது.”